தேய்ந்த பாகமும் தேயாத அளவும்



"நீ என்னமோ பழைய புல்லட்டுக்கெல்லாம் சாமான் செய்றியாமே, அதைப் பத்தி மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நம் செட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. என்னிடம் இருப்பதோ நாலு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆறு ஆட்கள். என் சொந்தக் கதையை எழுதினால் ஒரு பக்கம்கூடத் தாண்டாது. ஆனால் நான் செய்கிற தொழிலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஊசி செய்த ஓர் ஊரில் தொடங்கி, திருவொற்றியூர், மைசூர் என்று சுற்றி, கோவையில் என் பட்டறை வரைக்கும் வருகிற சரித்திரம் அது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

போர்மேன் சொன்ன பாடம்

முதலாம் ஆண்டு பிட்டிங் ஷாப் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரும்புத் துண்டை அரம் வைத்து ராவி ராவி, கை கொப்பளித்துச் சதுரம் செய்வோம். ஒருநாள் எனக்கு டிராயிங் பார்க்கச் சோம்பல். பக்கத்தில் இருந்தவன் முடித்து வைத்திருந்த பீஸை எடுத்து, அதை வைத்து அளந்து என்னுடையதை ராவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த போர்மேன் சொன்னார்: "பக்கத்து பீஸை வெச்சு அளக்காதே. டிராயிங்கைப் பாத்து அள. அவன் அரை மில்லி தப்புப் பண்ணியிருந்தா, நீ ஒரு மில்லி பண்ணுவே."

அன்றைக்குச் சிரித்துக்கொண்டு போய்விட்டோம். பழைய மோட்டார் சைக்கிள் உதிரி பாகத் தொழிலின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

ஜாப் ஒர்க்கில் பிறந்த பெயர்

'ஸ்பேர் பார்ட்' என்ற சொல்லே ஒரு காலத்தில் இருந்திருக்க முடியாது. அந்தக் காலத்து மெஷின்களில் ஒரு போல்ட்டுக்கு அதனுடைய சொந்த நட்டு மட்டும்தான் சேரும். நட்டு தொலைந்தால், அந்த போல்ட்டை வைத்துக்கொண்டு இன்னொரு நட்டைச் செய்ய வேண்டும். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-ல் எல்லாப் பட்டறைக்கும் பொதுவான மரை அளவுகளை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. இன்ன குறுக்களவுக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி என்று கணக்கு. அதன் பிறகுதான் ஓர் ஊரில் செய்த போல்ட்டுக்கு இன்னோர் ஊர் நட்டு சேர ஆரம்பித்தது. அளவு பொதுவானால்தான் மாற்றுப் பாகம் என்பதே சாத்தியம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர் போனது. அங்கே ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவரின் ஊசிக் கம்பெனி பிறகு சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. 1891-ல் அது ஆல்பர்ட் ஈடி, ஆர்.டபிள்யூ. ஸ்மித் ஆகிய இருவர் கைக்கு வந்தது. அப்போது என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்குத் துல்லியமான துப்பாக்கிப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஆர்டர் இவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். 1893-ல் 'ராயல்' முன்னால் சேர்ந்துகொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது கம்பெனியின் கோஷம். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ராயல் என்ஃபீல்டு என்ற பெயரே ஒரு ஜாப் ஒர்க் ஆர்டரில் பிறந்தது! இன்னொருவன் டிராயிங்குக்கு, இன்னொருவன் சொன்ன அளவுக்குப் பாகம் செய்து கொடுத்ததன் அடையாளம் அது. ஜாப் ஒர்க் பட்டறையை இளப்பமாகப் பேசுகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

கப்பலில் வந்த அளவுகள்

1949-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் புல்லட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எல்லைப் பகுதிகளில் ஓட்ட ராணுவத்துக்கு இந்த வண்டி பிடித்துப் போக, பெரிய ஆர்டர் வந்தது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கோத்து வண்டியாக்கினார்கள். பிறகு டூலிங் வந்தது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யும் நிலை வந்துவிட்டது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. இந்தக் கணக்கு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை.

கப்பலில் வந்தது வெறும் இரும்பு அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும். டிராயிங், ஜிக், கேஜ் எல்லாம் வந்தன. அதாவது அளவுகள் வந்தன. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. ஆனால் திருவொற்றியூர் ஓடிக்கொண்டிருந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய்வீடு இடிந்த பிறகு மகள் வீட்டிலிருந்து சோறு போன மாதிரி! அளவு ஓரிடத்தில் பிழைத்திருந்ததால்தான் இது நடந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவில் 1956-ல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்து, சந்தையில் மெல்ல மெட்ரிக் போல்ட் நிறைந்தது. பழைய புல்லட்டின் மரைகளோ ஆங்கில அளவு. அதில் 'சைக்கிள் திரெட்' என்று ஒன்று, அங்குலத்துக்கு 26 புரி. கால் அங்குல போல்ட் என்றால் குறுக்களவு 6.35 மி.மீ., ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 0.977 மி.மீ. நம் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. போல்ட்டில் அந்த இடைவெளி 1 மி.மீ. இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். அவசரத்துக்கு 6 மி.மீ. போல்ட்டைப் போட்டால் உள்ளே போகும். முறுக்கினால் பிடித்த மாதிரியும் தெரியும். பத்தாவது நாள் மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும். நம் ஊர்ப் பழைய புல்லட்களில் எஞ்சின் கேஸ் மரை கெட்டுப்போனதற்கு இப்படிப் போட்ட போல்ட்டும் ஒரு காரணம். ரோட்டோரத்தில் நின்றுபோன வண்டிக்கு மெக்கானிக் கையில் கிடைத்ததைத்தான் போட முடியும். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

கதவு மூடிய பிறகு

எல்லா வண்டிக்கும் திருவொற்றியூர் போல ஓர் இடம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் வின்சென்ட் கம்பெனி 1955-ல் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்தியது. வெலோசெட் 1971-ல் மூடப்பட்டது. வண்டி வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வின்சென்ட் உரிமையாளர்களுக்கு 1948 முதலே ஒரு சங்கம் இருந்தது. பாகம் கிடைக்காத நிலை வந்தபோது, 1975-ல் சங்கத்தினர் பங்குப் பணம் போட்டு, உதிரி பாகம் செய்து விற்கவே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. டெவன் பகுதியில் உதிரி பாகம் செய்துகொண்டிருந்த லெஸ் ஹாரிஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். டிரையம்ப் பெயரை வாங்கியிருந்தவரிடம் லைசென்ஸ் பெற்று, 1985 முதல் 1988 வரை பான்வில் வண்டியையே முழுதாகச் செய்து விற்றார்.

நம் நாட்டில் இதே நிலைமை மைசூரில் வந்தது. செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா வண்டியைச் செய்ய 1960-ல் ஐடியல் ஜாவா கம்பெனி அங்கே தொடங்கப்பட்டது. 250 சி.சி., டூ ஸ்ட்ரோக். கிக்கரையே மடக்கினால் அதுவே கியர் லீவர். 1973 முதல் 'யெஸ்டி' என்ற பெயர். நம் சித்தப்பா மாமாக்களில் யாராவது ஒருவர் கட்டாயம் ஓட்டியிருப்பார். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-ல் ஜாவா பெயர் திரும்பி வந்தாலும் அது போர் ஸ்ட்ரோக், முற்றிலும் வேறு எஞ்சின். பழைய வண்டிக்காரருக்கு அதிலிருந்து ஒரு புஷ்கூடக் கிடைக்காது. புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் 2010 வாக்கில் விடைபெற்றது. ஆக அதுவும் இப்போது 'பழைய வண்டி' வரிசைக்கு வந்துவிட்டது.

தொழிற்சாலை மூடினால் முதல் சில வருஷங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைகளில் பழைய ஸ்டாக் இருக்கும். அது தீர்ந்ததும் கைக்கு வருவது நகல். யாரோ ஒருவர் பழைய பாகத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய் "இதே மாதிரி நூறு பண்ணிக் கொடு" என்கிறார். அந்தப் பாகம் ஏற்கெனவே தேய்ந்தது. பட்டறைக்காரர் தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுக்கிறார். அது வண்டியில் ஓடித் தேய்ந்த பின், அடுத்தவர் அதையே மாதிரியாகக் கொண்டுபோகிறார். நகலுக்கு நகல், அதற்கும் ஒரு நகல். போர்மேன் சொன்ன அரை மில்லி, ஒரு மில்லி கதைதான். கடைசியில் "பழைய வண்டின்னாலே இப்படித்தாங்க, சத்தம் வரும், ஆயில் ஒழுகும்" என்று பழி வண்டி மேல் விழுகிறது.

அளவைத் தேடிப் பிடிப்பது

2013-ல் நானும் என் வகுப்புத் தோழனும் சேர்ந்து பட்டறை போட்டோம். கோவையில் இதற்கு வசதி அதிகம். மில்லும் பம்ப்செட்டும் வளர்த்துவிட்ட ஊர். வார்ப்படமா, கியர் வெட்டா, ஹீட் ட்ரீட்மென்டா, எல்லாம் ஒரு டீ குடிக்கும் தூரத்தில் கிடைக்கும். சந்தேகம் வந்தால் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் ஏதாவது ஒரு கியர் பாக்ஸ் அகப்படும்.

எங்கள் வேலையில் முக்கால் பங்கு, செய்வதற்கு முன்னால் நடக்கும் வேலை. ஒரே பாகத்தில் ஐந்தாறு மாதிரி சேகரிப்போம். தேயாத இடத்தில் அளப்போம்: உராயாத தோள்பட்டை, ஆயில் சீலுக்கு அப்பால் உள்ள பகுதி இப்படி. ஒரு ஷாப்ட் 15.81 மி.மீ. என்று காட்டினால் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. அதை வரைந்தவர் அங்குலத்தில் யோசித்தவர். அஞ்சே எட்டு அங்குலம் என்றால் 15.875. அப்போ ஆறரை நூறில் ஒரு பங்கு மில்லி தேய்ந்திருக்கிறது என்று புரியும். இப்படி வரைந்தவர் மனசுக்குள் புகுந்து பார்த்தால்தான் அசல் அளவு பிடிபடும். எங்கள் லேத் மெட்ரிக் லேத். அதில் அங்குல மரை பிசகாமல் வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.; அதைப் பின்னமாக்கினால் 127-ன் கீழ் 5. அந்த ஒரு சக்கரத்துக்காக மூன்று மாதம் அலைந்தோம்.

வியாபாரக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வகைப் பாகம் வருஷத்துக்கு ஐம்பது, அறுபது போனால் அதிகம். ஹீட் ட்ரீட்மென்டுக்காரருக்கு அறுபது பீஸ் என்பது அடுப்பின் ஒரு மூலை. கடைக்காரர்கள் பணம் கொடுக்க மூன்று மாதம் ஆகும். ஒரு முறை ஒரு வியாபாரி, கம்பெனி முத்திரை அடித்து, கம்பெனி மாதிரியே பெட்டியில் போட்டுக் கொடுத்தால் ஆயிரம் பீஸ் எடுப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். அந்த மறுப்பைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்மைக்கு உண்மையான பரீட்சை வேறு உருவத்தில் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஏழு கொக்கிகள்

புல்லட் கிக்கரை மிதிக்கும்போது கியர் பாக்ஸுக்குள்ளே ஒரு சின்னக் கொக்கி கியரின் உள்பல்லைப் பற்றிக்கொண்டு எஞ்சினைச் சுற்றும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஆனால் ஓர் ஆள் தன் மொத்த எடையையும் போட்டு மிதிப்பதை அதுதான் தாங்க வேண்டும். 2016-ல் அறுபது கொக்கி செய்தோம். அளவு அச்சு அசலாக இருந்தது. நாற்பத்தெட்டு விற்றோம்.

இரண்டு மாதம் கழித்து, புல்லட்டிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் பட்டறைக்கு வந்தார். காகிதத்தைப் பிரித்து மூன்று உடைந்த கொக்கிகளை மேஜைமேல் வைத்தார். "தம்பி, அளவெல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. இரும்புதான் சரியில்லீங்க. மூணாவதுல உடைஞ்ச துண்டு பல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு. மிதிச்சவருக்கு முட்டி வீங்கி நடக்க முடியாமக் கிடக்கறாருங்க."

தவறு என்ன என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இந்த மாதிரிப் பாகத்துக்கு வெளித்தோல் மட்டும் கடினமாகவும், உள்ளே அடியைத் தாங்கும் பதமாகவும் இருக்க வேண்டும். அதற்கென்று உள்ள இரும்பை வாங்கி, மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங் செய்ய வேண்டும். அந்த இரும்பு குறைந்த அளவில் கிடைக்கவில்லை என்று, கையில் இருந்த வேறு இரும்பை வாட்டி முழுசாகக் கடினமாக்கியிருந்தோம். அந்த முடிவு என்னுடையது. பதம் பார்க்கச் செலவாகும் என்று சோதனையும் செய்யவில்லை. அதுவும் நான்தான்.

அன்று இரவு நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். "மூணுதான் உடைஞ்சிருக்கு. அந்த மூணுக்கும் பணம் கொடுத்துடலாம். மத்ததை யாரும் கேட்கப் போறதில்ல. இதுல எங்க பேரா போட்டிருக்கு?" என்றேன். தோழன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டேய், வாங்கறவனால இதை அளக்கவும் முடியாது, உரசிப் பார்க்கவும் முடியாது. நம்மள நம்பித்தான் காலை வெக்கிறான்" என்றான்.

மறுநாள் காலை முதல் அவனே போனில் உட்கார்ந்தான். ஏழு கடைகள், அவர்கள் மூலம் மெக்கானிக்குகள். கொக்கியைத் திருப்பி அனுப்பினால் பணமும், கழற்றி மாட்டும் கூலியும் தருவதாகச் சொன்னோம். நாற்பத்தொன்று திரும்பி வந்தது. ஏழு வரவே இல்லை. அந்த வருஷ லாபம் முழுவதும் அதில் போயிற்று. முட்டி வீங்கியவரின் வைத்தியச் செலவைக் கொடுக்கப் போனபோது, அவர் காபி கொடுத்து உட்காரவைத்து, தன் அப்பா வாங்கிய வண்டி அது என்று கதை சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம், வீட்டுக் கஷ்டத்தால் தோழன் சம்பள வேலைக்குப் போய்விட்டான். என்மேல் கோபமில்லை என்றுதான் சொன்னான். ஆனால் லாபம் நின்றிருந்தால் அவனும் நின்றிருப்பான் என்பது எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

அதன் பிறகு எங்கள் பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு பாகத்திலும் தொகுதி எண் குத்தியிருக்கும். பத்துக்கு ஒன்றைப் பதம் சோதிக்கிறோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பீஸை எண்ணெய் தடவி டப்பாவில் வைத்திருக்கிறோம். என்ன இரும்பு, யார் வாட்டியது என்று நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஏழு கொக்கிகளில் இரண்டை, 2020 ஊரடங்கில் ஜனங்கள் ஷெட்டில் கிடந்த வண்டிகளை வெளியே எடுத்துப் பழுது பார்த்தபோது மெக்கானிக்குகள் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஐந்து இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கத்தில்கூட ஞாபகம் வருகிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

பழைய வண்டிக்குப் பாகம் செய்வதில் பெரிய பணம் இல்லை. ஆனால் மெட்டலர்ஜி, மெட்ராலஜி, மெஷின் டிராயிங் என்று நாம் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்த அத்தனையும் இங்கே தினமும் தேவைப்படுகிறது. அசலில் எந்த இரும்பு, எந்தப் பதம் என்று தேடாமல் வெளி அளவை மட்டும் நகல் எடுத்தால் என் கொக்கி கதைதான். டிராயிங்கில் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் மெட்டீரியல், ஹார்ட்னஸ் என்ற இரண்டு வரியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

இதுவரை நாங்கள் அளந்து, சரிபார்த்து வரைந்த பாகங்கள் தொண்ணூற்றிரண்டு. எங்கள் பட்டறை மூடினால் இந்த அளவுகளும் இன்னொரு முறை தொலைந்துபோகும். அதனால் இந்த முன்னாள் மாணவர் சந்திப்பின்போது அத்தனை டிராயிங்கின் பிரதியையும் நம் துறை நூலகத்துக்குக் கொடுக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். எனக்குப் போட்டியாகச் செய்தாலும் சந்தோஷமே. முதல் பக்கத்தில் அந்தக் கொக்கியின் டிராயிங்கை வைத்திருக்கிறேன். தவறான இரும்பின் பெயரையும், அதனால் என்ன நடந்தது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தோழனும் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ரிஜிஸ்டரை அவன் கையால்தான் நூலகருக்குக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். மற்ற நண்பர்களும் தவறாமல் வாருங்கள். பழைய புல்லட், ஜாவா வைத்திருப்பவர்கள் வண்டியிலேயே வந்தால், மரத்தடியில் நிறுத்திவிட்டு நாலு வார்த்தை பேசலாம்.